அந்த மாமா அடிப்பாரு!

என் தங்கை மகளின் இரண்டு காதுகளுக்காகத்தான் நான் பினாங்கிலிருந்து சென்னைக்குப் போனேன். யாழினிக்கு ஐந்து வயது. மூன்று வயதிலேயே நடந்திருக்க வேண்டிய காதுகுத்து, தாய்மாமனான எனக்கு விடுப்புக் கிடைக்காமல் இரண்டு வருடம் தள்ளிப் போய்விட்டது. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும் என்பதில் தங்கையின் கணவர் செந்தில் கறாராக இருந்தார். "மச்சான் மடி இல்லாம குத்துனா அது இன்னா காதுகுத்து? ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கினு வர்ற மாரிதான்" என்று போனில் சொன்னார். செந்தில் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது என் தங்கை மாலதியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு அழைத்துப் போனவர்.

நான் பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடும் பெர்ரிப் படகில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கயிறு கட்டுவதும் கதவு திறப்பதும் பேருக்குத்தான். கம்பிமேல் ஏறும் பிள்ளைகளை இறக்குவதும், அவர்களைப் பெற்றவர்களின் தலையைக் கைப்பேசியிலிருந்து நிமிர்த்துவதுமே உண்மையான வேலை. நான்கு மொழியில் கத்துவேன். ஆறடி உயரம், அடர்ந்த மீசை, கனத்த குரல் எல்லாம் இருந்தும் இதுவரை ஒரு பிள்ளைகூட என்னை மதித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூரில் சடங்கு. நான் வந்து இறங்கியது வியாழக்கிழமை. மருமகளை நேரில் பார்த்ததே இல்லை. வீடியோவில் அழைத்தால் பாதி நெற்றியும் ஒரு ரிப்பனும் தெரியும், அப்புறம் ஓடிவிடுவாள். வெட்கப்படுகிறாள் என்று மாலதி சொல்வாள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடையாறில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிப்ட் வரும்வரை பொறுமை இல்லாமல் படியேறினேன். மாலதி கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்துக் கண் கலங்கினாள், உள்பக்கம் திரும்பி, "யாழு! யாரு வந்திருக்கா பாரு! மாமா வந்துட்டாரு!" என்று கூவினாள்.

உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. போய்ப் பார்த்தால், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் யாழினி சுருண்டு கிடந்தாள். நான் கையில் பொம்மையோடு குனிந்ததும், "மாமா வேணாம், மாமா வேணாம், நான் சாப்ட்டுட்டேன்!" என்று அழுதாள். சாப்பிட்டதை எதற்கு என்னிடம் சொல்கிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மனசு மட்டும் சுருக்கென்றது.

விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் என்னை அழைத்துவந்த செந்தில்தான் சமாதானம் சொன்னார். "மச்சான், காக்கிச் சட்டையில வந்துக்கினு கீறியே, அதான் மேட்டரு. இங்க காக்கின்னா போலீஸ். ஆட்டோக்காரர்கூட உன்னைப் பார்த்துட்டு சீட் பெல்ட் எங்கன்னு தேடிக்கினு இருந்தாரு, கவனிச்சியா?" எங்கள் ஊரில் போலீஸ் உடுப்பு கருநீலம். பயணத்துக்கு அழுக்குத் தெரியாது என்று நான்தான் அந்தச் சட்டையைத் தேடி வாங்கியிருந்தேன். உடனே குளித்துவிட்டுப் பூப்போட்ட பாத்தேக் சட்டைக்கு மாறினேன். யாழினி சந்தைவிட்டு வெளியே வந்தாள், சட்டையைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள், மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

"மூணு நாள் இருக்குல்லண்ணே, பழகிடுவா" என்றாள் மாலதி. தட்டில் வெண்பொங்கலும் மெதுவடையும் வைத்தாள். நெய்யில் வறுத்த மிளகு பல்லில் பட்டதும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. மீதிப் பாதியோடு மத்தியானம் தனியாக பஸ் ஏறினேன்.

சென்னை பஸ்ஸைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை சொன்னவர்கள் யாரும் இல்லை. எனக்கோ ஏறிய நிமிடமே பிடித்துப்போனது! பினாங்கில் பஸ்ஸில் எல்லாரும் காதில் எதையோ செருகிக்கொண்டு சிலை மாதிரி வருவார்கள். இங்கே பஸ் முழுக்க ஒரே குடும்பம் போலச் சத்தம். காசு ஐந்தாறு கை மாறிக் கண்டக்டரிடம் போகிறது, டிக்கெட் அதே வழியில் திரும்பி வருகிறது, நடுவில் யாரும் எதையும் தொலைப்பதில்லை. பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அவர்கள் வீட்டுக்கூடத்துக்குள் நுழைவதுபோல உரிமையோடு ஏறுகிறார்கள். எங்கே இறங்க வேண்டும் என்று ஒருவரிடம் கேட்டேன், நான்கு பேர் பதில் சொன்னார்கள். இரண்டு பதில் தப்பு.

எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய மகனுக்கு ஆறு வயது இருக்கும். கம்பியைப் பிடித்துத் தொங்கி, ஊஞ்சலாடி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒருமுறை ஷூக்காலால் என் முழங்காலில் உதை கொடுத்துக்கொண்டிருந்தான். அம்மா வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் போனில் பிளம்பரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆறாவது உதையில் நான் "ஸ்ஸ்" என்றேன். அம்மா போனை இறக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. சுட்டுவிரலை மட்டும் என்னை நோக்கி நீட்டி மகனிடம் சொன்னார்: "தோ பாரு. அந்த மாமா அடிப்பாரு!"

பையன் என்னைப் பார்த்தான். எனக்கு என்ன தோன்றியதோ, மீசையை மெதுவாக ஒரு முறுக்கு முறுக்கினேன். அவ்வளவுதான்! கம்பியை விட்டான், அம்மாவின் பக்கத்தில் ஒடுங்கினான், மயிலாப்பூர்வரை கப்சிப்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினெட்டு ஆண்டு தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது ஒரு மீசை முறுக்கில் நடந்துவிட்டது! இந்த ஊரில் என் மதிப்பே வேறு என்று நினைத்துக்கொண்டேன். அந்த மகிழ்ச்சியில் மயிலாப்பூரில் ஒரு பொடி இட்லி, ஒரு கீரை வடை, அது தொண்டையில் நிற்கும்போதே ஜில்லென்று ஒரு ரோஸ் மில்க் என்று வெளுத்துக் கட்டினேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த தெருக்களில் தகரத் தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி நடந்து வழி தப்பினேன், அதுவும் சந்தோஷமாகவே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பின்சீட்டில் ஒரு தெலுங்கு அம்மா, அழும் மகனின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பினாங்கில் எங்கள் பக்கத்து வீடு தெலுங்குக் குடும்பம், எனக்கு அந்த மொழி நன்றாகவே புரியும். "அழாதே. முன்னால் உட்கார்ந்திருக்கிறானே பூச்சாண்டி, அவன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவான்" என்றார். நான் திரும்பித் தெலுங்கிலேயே, "இன்றைக்குப் பையில் இடம் இல்லையம்மா. நாளைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பையன் அழுவதை மறந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை தியாகராய நகர். பட்டுப்பாவாடையும் காதுக்குத் தங்கத் தோடும் மாமன் சீர், நான்தான் வாங்க வேண்டும். மாலதியும் யாழினியும் உடன் வந்தார்கள். மாம்பலத்தில் ஒரு ரயில் வந்து நின்றால் அந்தக் கூட்டம் அப்படியே ரங்கநாதன் தெருவுக்குள் கொட்டுகிறது. எங்கள் பெர்ரியில் ஒருநாள் முழுக்க ஏறும் ஜனம் இங்கே ஒரே கடை வாசலில் நிற்கிறது. நடக்க வேண்டிய அவசியமே இல்லை, கால்களைச் சும்மா தூக்கி வைத்தால் போதும், பின்னால் வருகிறவர்கள் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். நான் சின்னப் பிள்ளையைப் போல ஒவ்வொரு கடையையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு போனேன்.

யாழினி அம்மாவின் வலக்கையைப் பிடித்திருந்தாள். நான் வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம் மாறினாள். இடப்பக்கம் போனால் வலப்பக்கம். மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்த் துண்டு வாங்கி நீட்டினேன். அம்மாவின் கை வழியாகத்தான் வாங்கிக்கொண்டாள். ஐந்து வருடமாக இந்தப் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று ஏங்கியவன் நான். ஒரு மாங்காய்த் துண்டைக்கூட அவள் கையில் நேராகக் கொடுக்க முடியவில்லை.

திரும்பும்போது கிடைத்தது புதுத் தாழ்தளப் பேருந்து. கம்பிகளில் சிவப்புப் பொத்தான்கள், இறங்க வேண்டியவர்கள் அழுத்தினால் டிரைவருக்கு மணி அடிக்கும். அந்தப் பொத்தான் சரியாக ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது! மாலதி சமையல்காரரிடம் போனில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பாயசமா, பாசந்தியா என்று வாதாடிக்கொண்டிருந்தாள். யாழினி பொத்தானை அழுத்தினாள். பஸ் நின்றது, கதவு திறந்தது, யாரும் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. நான்காவது தடவை டிரைவர் வெறுத்துப்போய் மணியைக் காதில் வாங்காமல் ஓட்டினார். பார்த்தால் அந்த மணி நிஜ மணி. கோட்டூர்புரத்தில் இறங்க வேண்டிய பெரியவர் ஒருவர், பஸ் தன்னைத் தாண்டி ஓடும் நிறுத்தத்தைப் பார்த்து வைதபடி நின்றார்.

"யாரும்மா அது கொழந்த? கையை வச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியா?" என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார். மாலதி போனைக் கையால் மூடிக்கொண்டு, பிள்ளையைப் பார்க்காமலே சொன்னாள்: "யாழு, கண்டக்டர் மாமா இறக்கி விட்டுடுவாரு. அப்புறம் போலீஸ் மாமா புடிச்சுட்டுப் போயிடுவாரு." சொல்லிவிட்டுப் பாயசத்துக்குத் திரும்பினாள்.

அதே நேரத்தில் எதிர்வரிசையில் இன்னொரு கூத்து. ஒரு பையன் வேர்க்கடலையை உரித்து, தோலை முன்சீட்டு வழுக்கைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா என்னை மேலும் கீழும் அளந்தார். ஆள் பொருத்தம் என்று முடிவு செய்தார் போல. "சார், நீங்க ஒரு சவுண்டு வுடுங்க சார். நான் சொன்னா கேக்க மாட்டேன்றான்" என்றார்.

நேற்றைய வெற்றி இன்னும் தலைக்குள் இருந்தது. எழுந்தே நின்றுவிட்டேன். கடலில் கத்திப் பழகிய குரலை முழுசாகத் திறந்து, "டேய்! யார்றா அது? கையைக் காலைக் கட்டித் தூக்கிட்டுப் போகவா?" என்றேன். பையன் வெலவெலத்துப்போய் ஓவென்று அழுதான். பஸ்ஸே சிரித்தது. "சோக்கா சொன்ன நைனா" என்று ஒருவர் பாராட்டினார். வழுக்கைத் தலைக்காரர் கைகூப்பினார். நான் மீசையைத் தடவிக்கொண்டு பெருமையாகத் திரும்பினேன்.

மாலதியின் துப்பட்டாவுக்குள்ளிருந்து யாழினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. தனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் கண்முன் நடந்துவிட்டது போல அசையாமல் பார்த்தாள்.

சீட்டில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து எத்தனை மாமா கேட்டேன் என்று எண்ணத் தொடங்கினேன். துணிக்கடையில் ஓடினால் வாட்ச்மேன் மாமா திட்டுவாரு. நகைக்கடையில் கண்ணாடியைத் தொட்டால் கடைக்கார மாமா கட்டி வைப்பாரு. கண்டக்டர் மாமா இறக்கி விடுவாரு. போலீஸ் மாமா பிடித்துக்கொண்டு போவாரு. இந்த ஊரில் பிள்ளைகளுக்கு மாமா என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சாயங்காலம் இடியாப்பத்தின் முன் உட்கார்ந்து கேட்டேவிட்டேன். "மாலதி, நிஜத்தைச் சொல்லு. என்னை வச்சு அவளைப் பயமுறுத்துனியா?"

அவள் தேங்காய்ப்பாலைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "சாப்பிட மாட்டேங்குறாண்ணே. ஒரு வாய்க்கு அரைமணி நேரம். என்ன பண்றது? பினாங்கு மாமாகிட்டச் சொல்லிடுவேன், ப்ளைட்டுல வந்து புடிச்சுட்டுப் போயிடுவாருன்னு சொல்வேன். ஒடனே முழுங்கிடுவா. உங்க போட்டோ ப்ரிட்ஜ்மேலதான் ஒட்டி வச்சிருக்கேன்."

செந்தில் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "அதுல பாரு மச்சான், நானும் பைக்ல போறப்ப பின்னாடி குந்தியிருக்கிறவங்ககிட்ட, மாமா நிக்கிறான், மாமா புடிச்சுடுவான்னுதான் சொல்வேன். மாமான்னா இங்க டிராபிக் போலீஸ். புள்ளை அதையும் கேட்டுக்கினுதான் வருது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைக்கு மாமாக் கடை என்று பேர். மாமா என்று வாஞ்சையாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த பெயர் என்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் சுடச்சுடப் போடும் ரொட்டி சானாய்ப் பரோட்டாவின் வாசனைதான் வரும். அதே சொல்லை இவர்கள் லத்தி ஆக்கி வைத்திருந்தார்கள். பிளேனில் வந்து பிடித்துக்கொண்டு போகிற ஆள், சொன்னபடியே பிளேனில் வந்து, காக்கியில் இறங்கியிருக்கிறான்! அவன் மடியில் உட்கார் என்கிறார்கள், உட்கார்ந்தால் காதில் குத்துவோம் என்கிறார்கள். பிள்ளை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளியாமல் என்ன செய்யும்?

நன்றாகத் திட்ட வாயைத் திறந்தேன். பஸ்ஸில் போட்ட சத்தம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். மாலதி வாயால் சொன்னதைத்தானே நான் நடித்துக் காட்டியிருந்தேன்? அன்றைக்கு இடியாப்பம் இறங்கவில்லை.

சனிக்கிழமை பத்தரைப் பார்க்க மயிலாப்பூர் போனோம். காது குத்தும் பொற்கொல்லர் அவர். நானும் மாலதியும் யாழினியும் பறக்கும் ரயிலில் போனோம். என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்! மாடி வீடுகளின் மொட்டைமாடி உயரத்தில், காயும் வடாகத்தையும் துணிகளையும் பார்த்துக்கொண்டே போகலாம். கதவுகள் மூடுவதில்லை, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. திருமயிலை நிலையம் பிரம்மாண்டம், அதற்குள் மனிதர்களைவிடப் புறாக்கள் அதிகம். எந்தக் கவலை இருந்தாலும் அந்த ரயிலில் ஏறினால் எனக்குக் குதூகலம் வந்துவிடுகிறது.

திரும்பும் வண்டியில் கூட்டம் இல்லை. எதிரில் ஓர் இளம் தாய், கைப்பேசியில் ஏதோ வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் ருத்து பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடினான். ஒவ்வொரு முறையும் திறந்த வாசலின் நடுக்கம்பியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். சுற்றும்போது உடம்பு பாதி வெளியே போய் வந்தது. மாலதி மறுபடியும் சமையல்காரரோடு போனில் இருந்தாள். யாழினி அவளுக்கு அந்தப்புறம் உட்கார்ந்து பையனையே பார்த்தாள்.

"டேய் ருத்து, வந்து குந்து" என்றாள் அந்தத் தாய், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு விரல் மட்டும் என் பக்கம் நீண்டது. "வரலேன்னா அந்த மாமா அடிப்பாரு!"

ருத்து நின்று என்னைப் பார்த்தான். யாழினியும் என்னைப் பார்த்தாள்.

கை தானாக மீசைக்குப் போனது. பாதியில் நிறுத்தினேன். "நான் அடிக்க மாட்டேன்மா" என்றேன்.

அவள் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். "இன்னா சார்?"

"நான் யாரையும் அடிக்க மாட்டேன். நீங்க எந்திரிச்சுப் போய் அவன் கையைப் புடிச்சுக்குங்க."

"இன்னா சார் நீ, ஒரு பேச்சுக்குச் சொன்னா இப்டி பேசுறே? மெய்யாலுமே உன்னை அடிக்கவா சொன்னாங்க? சும்மா குந்திக்கினு இருந்தா போதாதா?"

பக்கத்திலிருந்த மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் பேப்பரை மடித்துவிட்டு அவளுக்கு ஆதரவாக வந்தார். "அவ கேக்கறது நியாயம்தானே சார்? ஒரு தரம் முறைச்சுட்டா உமக்கு என்ன கொறைஞ்சுடும்? எங்காத்துல மூணு கொழந்தேளையும் போஸ்ட்மேன் பேரைச் சொல்லிண்டேதான் சாதம் ஊட்டினோம்."

"பாவம் சார் போஸ்ட்மேன்" என்றேன். "அவருக்கு அது தெரியுமா?"

நாங்கள் நியாயம் பேசிய அந்த நேரத்தில் ருத்து தன் கணக்கைப் போட்டுவிட்டான். "மாமா அடிக்க மாட்டாரு! மாமா அடிக்க மாட்டாரு!" என்று கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். வண்டி அடையாற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்தான், சுற்றினான், ஒரு கை வழுக்கியது.

நான் எழுந்ததோ பாய்ந்ததோ எனக்கே தெரியாது. பெர்ரியில் பிள்ளைகளைச் சட்டையில் பிடிக்கக் கூடாது, கிழிந்துவிடும், இடுப்பில்தான் பிடிக்க வேண்டும். கால்சட்டையின் எலாஸ்டிக்கோடு இடுப்பை வளைத்து உள்ளே இழுத்தேன். இரண்டு பேரும் பெட்டியின் தரையில் விழுந்தோம். பையன் என் நெஞ்சின்மேல், அவனுடைய கால்சட்டை அவன் முழங்காலில். கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தாய் ஓடிவந்து அவனை வாரிக்கொண்டாள். முதுகில் இரண்டு போட்டாள், பிறகு கட்டிப்பிடித்து முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். கைப்பேசி எங்கேயோ விழுந்து தானாகப் பாடிக்கொண்டிருந்தது. அழுது முடித்ததும் என்னிடம் திரும்பினாள். "நீ மட்டும் அடிப்பேன்னு சொல்லியிருந்தா அவன் ஓடியிருப்பானா சார்?"

அவள் சொன்னதும் ஒருவகையில் சரிதான். ஆனாலும் இறங்கும்வரை மகனின் மணிக்கட்டை அவள் விடவேயில்லை. மாலதியும் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். சமையல்காரர் எதை வேண்டுமானாலும் காய்ச்சிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள் போல.

கஸ்தூரிபாய் நகர் நிலையத்தில் இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்து முழங்கையின் சிராய்ப்பை ஊதிக்கொண்டிருந்தேன். யாழினி எனக்கு நான்கடி தள்ளி நின்றாள்.

"நீ அடிக்க மாட்டியா?" என்றாள். என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி.

"மாட்டேன்."

"நேத்து பஸ்ல அந்த அண்ணாவ மட்டும் கத்துன?"

"தப்புப் பண்ணிட்டேன். இனிமே கத்த மாட்டேன்."

அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? கிட்டே வந்து என் காலை மிதித்தாள், மிதித்துவிட்டு அம்மாவிடம் ஓடினாள். திரும்பிப் பார்த்தாள். நான் சும்மா இருந்தேன். மறுபடி வந்து இன்னும் கொஞ்சம் பலமாக மிதித்தாள். நான் சும்மா இருந்தேன். மூன்றாவது மிதியில் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, கட்டைவிரல் நகத்தில் சரியாக விழுந்தது. நான்காவது முறை வந்தவள், கொஞ்சம் யோசித்தாள், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அப்புறம் மிதித்தாள்.

எனக்கு எழுந்து நடைமேடையில் ஆட வேண்டும் போலிருந்தது! ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் மறுபடியும் எட்டியே நின்றாள். மாமா மடியில உக்காருவியா என்று செந்தில் கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிறு காலை, மயிலாப்பூரில் தெருமுனைக் கோயில் ஒன்றின் சின்ன மண்டபம். செந்திலின் சொந்தக்காரர்கள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். நாதஸ்வரம், ஜவ்வந்திப்பூ, சந்தனக் கிண்ணம். நான் வேட்டி கட்டிப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பதினெட்டு வருடத்தில் புயலில்கூட அப்படி என் நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. "பாப்பா, மாமா மடில போய்க் குந்து" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யாழினி பட்டுப்பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லச் சொல்ல ஒட்டி ஒட்டி மாலதியின் பின்னால் போனாள்.

"யாரும் சொல்ல வேணாம். அவளா வரட்டும்" என்றேன். செந்தில் கையைக் காட்டி எல்லாரையும் அமர்த்தினார். நல்ல நேரம் போகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்புறம் அவள் வந்தாள். நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, என் தொடையின் விளிம்பில், எந்த நொடியும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்தாள். ஐந்து வருடம் காத்திருந்த எடை அது. நான் கையை அவள்மேல் போடவில்லை. மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

பத்தர் தங்கக் கம்பியைச் சந்தனத்தில் தொட்டுக்கொண்டு எதிரில் குந்தினார். ஆயிரம் காது பார்த்த மனிதர், பிள்ளைகளிடம் சொல்வதற்கென்று அவரிடம் ஒரே ஒரு வசனம் இருந்தது. "பாப்பா, ஆடாம குந்தணும். ஆடுனா மாமா அடிப்பாரு!"

மாலதி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். என் மடியில் அந்தச் சின்ன முதுகு விறைத்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

யாழினி பத்தர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "எங்க மாமா அடிக்க மாட்டாரு" என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

அவள் திரும்பிய அந்த ஒரு நொடி பத்தருக்குப் போதுமாக இருந்தது. கம்பி உள்ளே போய்விட்டது. யாழினி வீறிட்டாள். இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணீரும் சந்தனமும் என் கன்னத்தில் ஒட்ட, அழுதுகொண்டே கத்தினாள்: "மாமா! இவர அடி மாமா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை, வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். "சார், இன்னொரு காது பாக்கி கீது. புள்ளையைக் கெட்டியா புடிச்சுக்கங்க" என்றார் பத்தர். நான் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.